மூன்றாம் பாட்டில் கிட்டார் இல்லாத இடம்

எனக்குச் சத்தம் போடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. ராக் இசைக்குழு நடத்தியவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம், மேடம். சத்தம் வேறு, சத்தம் போடுவது வேறு. இந்த வித்தியாசத்தை விளக்கி அந்தக் காலத்தில் நான்கு பக்கத்துக்கு ஒரு கொள்கை அறிக்கையே எழுதினேன். குழுவில் யாரும் படிக்கவில்லை. டிரம் வாசித்தவன் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் ஸ்டூலின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். உங்கள் ஒலிப்பதிவுக் கருவியில் இரைச்சல் ஏறும். நான் சொல்வது தெளிவாகப் பதிவாக வேண்டும்.

உங்கள் கேள்வி ஒன்றுதான். எங்கள் இசைத்தட்டு மறுபடி வெளிவருகிறது. மூன்றாவது பாட்டுக்கு நேராக அட்டையில் யார் பெயரைப் போடுவது? அதை முடிவு செய்யத்தான் கம்பெனி உங்களை நடுவராகப் போட்டிருக்கிறது. என் பெயர் மட்டும் இருந்த இடத்தில் தன் தங்கையின் பெயரும் வர வேண்டும் என்கிறான் டிரம்மர். அந்தப் பாட்டை உலகம் கேட்பதே கடைசி வரியில் வரும் அலறலுக்காகத்தான், அதை உண்டாக்கியவள் பாடிய தன் தங்கைதான் என்பது அவன் வாதம். வாதத்தில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. அதை உண்டாக்கியவன் நான். எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். அண்ணனும் தங்கையும் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கட்டும். ஒளிக்க என்ன இருக்கிறது.

என் அப்பா கார் வாங்குவதற்கு முன்பே கார் ஷெட் கட்டியவர். கார் வரவேயில்லை. எங்கள் குடும்பத்தில் பெருமைக்கான ஏற்பாடுகள் எப்போதும் முன்கூட்டியே நடந்துவிடும். அந்த ஷெட்டில்தான் குழு பிறந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினோம், எதிரொலி அடங்குவதற்காக. மூலையில் காலி பெயிண்ட் டின்கள் நாற்காலிகளாக இருந்தன. நான் கிட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரம் ஓட்டியவன் டிரம்ஸ். மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவர் பேஸ் கிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார் என்பதால் அவரை மௌனி என்போம். என்னைத் தலைவர் என்று கூப்பிட்டார்கள். கேலி என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. குழுவுக்கு 'பிரளயத்தின் புதல்வர்கள்' என்று பெயர் வைத்ததும் நான்தான். அதுவரை பாடியதும் நான்தான்.

ஒரு நாள் நாங்கள் மூவரும் முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், வீட்டுச் சாவி!"

மூன்று கருவிகளையும் தாண்டி, ஷட்டரைத் தாண்டி, முட்டை அட்டைகளைத் தாண்டி வந்தது. மூவரும் கையை நிறுத்திவிட்டோம். டிரம்மர் மட்டும் கூச்சத்தோடு பாக்கெட்டைத் துழாவினான். "என் தங்கச்சி. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைக்கிற லாண்டரியில இருக்கா. அங்க அவ்வளவு பெரிய மெஷினுங்க. கத்தினாத்தான் பேச்சு."

மௌனி அன்றைய முதல் வாக்கியத்தைச் சொன்னார். "தலைவரே, இது நமக்கு வேணும்."

ஆகவே அவளைக் கண்டுபிடித்தவன் நான். தலைவன் என்ற முறையில் முடிவெடுத்தது நான் அல்லவா.

பத்தொன்பது வயது. கைகள் எப்போதும் சோப்புத்தூளில் ஊறி வெளுத்திருக்கும். ஷிஃப்ட் மாறும்போது ஆலையில் ஊதுவார்களே, அந்தச் சங்கின் பெயரை அவளுக்கு வைத்தோம். சங்கு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை அண்ணா என்பாள். சொந்த அண்ணனை டேய் என்பாள். மரியாதை தெரிந்த பெண்.

முதல் பிரச்சினை அந்த மூன்றாவது பாட்டில்தான் வந்தது. 'பூட்டு' என்று தலைப்பு. நான் எழுதியிருந்த கடைசி வரி இது: இருண்மையின் இரும்புத் தாழ்களே, இளகுவீர். அவள் அதைக் காகிதத்தில் பார்த்தாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இதை மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல."

"அது கவிதை."

"இருக்கட்டும்ணா. உள்ள மாட்டிக்கிட்டவன் இப்படியா கத்துவான்? கதவைத் தொறன்னு கத்துவான்."

டிரம்மர் சிரித்து, குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். மௌனியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முதல் அந்த வரி 'கதவைத் தொற' ஆனது. நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் கச்சேரி ஒரு கல்லூரி அரங்கில். என்னுடைய தனி ஆவர்த்தனத்தை நீளமாகவே வைத்திருந்தேன். தத்துவார்த்தமான பகுதி அது. நான் கண்ணை மூடி வாசித்துவிட்டுத் திறந்தபோது அரங்கில் பாதிப் பேர் இல்லை. தேநீருக்குப் போயிருந்தார்கள். அவள் மைக் முன்னால் வந்து ஒரு வரி பாடியதும் கையில் கோப்பைகளோடு ஓடி வந்தார்கள். மறுவாரம் சுவரொட்டிகளில் 'பிரளயத்தின் புதல்வர்கள்' என்பதைக் காணோம். 'சங்கு பேண்ட்' என்று இருந்தது. நான் வருத்தப்பட்டேன் என்று அண்ணன்காரன் உங்களிடம் சொல்லியிருப்பான். வருத்தமில்லை. கலையில் ஒரு சமநிலை வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மானிட்டர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பாடுகிறவளை நோக்கித் தரையில் சாய்த்து வைக்கிற சின்ன ஸ்பீக்கர். டிரம்ஸும் கிட்டாரும் அலறுகிற ஷெட்டுக்குள் அவளுடைய குரலை அவளுக்கே கேட்கச் செய்வதுதான் அதன் வேலை. அதன் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், எல்லா ஒலிகளையும் கலக்கிற மிக்சர் போர்டில் இருந்தது. போர்டு என் காலடியில், ஒரு மரப்பெட்டி மேல் இருந்தது. அதைத் தலைவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். கொள்கை அறிக்கையில் அவர்கள் கடைப்பிடித்த ஒரே பகுதி அதுதான்.

ஒரு பயிற்சியில் மௌனி தெரியாமல் ஒயரை மிதித்து, மானிட்டரின் இணைப்பு கழன்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்று அவள் பாடிய விதம் வேறு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறவன் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்துவானே, அதே காரணம். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தன்னை அறியாமல் தொண்டையை இறுக்கிக் குரலை உயர்த்துவான். எனக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு முடிந்ததும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணா, இன்னைக்கு என் குரலே எனக்குக் கேட்கல."

தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தேன். எதுவும் சொல்லாமல் பிற்பாடு மாட்டிவிட்டேன். பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் யாரோ ஒருவரின் செருப்புக்கு அடியில் கிடைக்கின்றன.

அடுத்த பயிற்சியிலிருந்து மானிட்டரின் குமிழை ஒரு நூல் அளவு குறைத்தேன். அதற்கடுத்ததில் இன்னொரு நூல். ஒரேயடியாகக் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு அவசரமும் இல்லை. குரலில் ஒரு கரகரப்பு ஏறியது. கச்சேரிக்குக் கூட்டமும் ஏறியது. கூட்டம் ஏறியதால் என் கணிப்பு சரி என்றாகிறது, இல்லையா?

அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. "அண்ணா, மானிட்டரைக் கொஞ்சம் ஏத்துங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தாள். எங்கள் போர்டில் கடைசிக் குமிழ் எப்போதோ கருகிப்போனது. அது எந்த ஸ்பீக்கரோடும் சேர்ந்ததில்லை. அவள் கண் முன்னாலேயே குனிந்து, அந்தக் குமிழைத் தாராளமாக வலப்பக்கம் திருப்பினேன்.

"இப்போ?"

அவள் ஒரு வரி பாடிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ம்... இப்போ பரவாயில்லண்ணா. தேங்க்ஸ்."

இசை ரசனை என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள், நான் திருப்புவேன். அண்ணன்காரன் கிண்டல் செய்வான். "ஏய், உனக்குக் காது அவுட்டு. மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு செவிடாயிட்ட."

"உன் டிரம்ஸ் பக்கத்துல நின்னுதான்டா."

விளையாட்டாகச் சொன்னதை அவன் மனதில் வாங்கிக்கொண்டு, சில நாட்கள் மெதுவாக அடித்தான். நான் கண்டித்தேன். தங்கை என்பதற்காகத் தாளத்தில் சலுகை காட்டக்கூடாது என்றேன். மறுபடி ஓங்கி அடித்தான். அவள் காதைப் பரிசோதித்துக்கொண்டாள். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். "அப்புறம் ஏண்ணா கேட்க மாட்டேங்குது?" என்று என்னிடமே கேட்டாள். மனப்பிராந்தி என்றேன். பெரிய பாடகர்களுக்கெல்லாம் வருவது என்றேன். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

ஒலிப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு, மற்றவர்கள் வருவதற்குள் தனியாக வந்தாள். பெயிண்ட் டின்னில் உட்கார்ந்தாள். குரல் மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போல இருந்தது.

"டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்ணா. குரல்நாண்ல தடிப்பு விழுந்திருக்காம். ஒரு இடத்துல ரத்தம் கட்டியிருக்காம். இதுக்கு மேல கத்தினா கிழிஞ்சிரும், அப்புறம் ஒட்டவைக்க முடியாதுன்னுட்டார். ரெண்டு மூணு மாசம் வாயே தொறக்கக் கூடாதாம்."

"ரெக்கார்டிங்?"

"அதைத்தான் கேட்க வந்தேன். தள்ளிப்போட முடியுமா?"

ஒலிப்பதிவாளர் எந்த நாளானாலும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். அவர் வெளிநாடு போகிறார், இந்த நாளை விட்டால் கிடைக்கமாட்டார் என்று அவளிடம் சொன்னேன். தலைவன் என்றால் சில நேரம் மற்றவர்களுக்காக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அவள் தன் வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "சரி, மூணு பாட்டுதானே. அமுக்கியே பாடிடுறேன். மானிட்டரை மட்டும் நல்லா வெச்சுடுங்கண்ணா. என் குரல் எனக்குக் கேட்டா நான் கத்த மாட்டேன். அதுக்கப்புறம் ஊமையா உட்கார்ந்துக்கிறேன்."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா விடமாட்டான். நீங்களும் சொல்லிடாதீங்க. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன், மேடம். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

ஒலிப்பதிவாளர் தன் கருவிகளோடு ஷெட்டுக்கே வந்தார். ஸ்டூடியோவில் இந்த முரட்டு ஒலி கிடைக்காது என்றார். முதல் இரண்டு பாட்டுக்கும் மானிட்டரை நான் சரியாகவே வைத்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குத் தன் குரல் முழுதாகக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அமுக்கித்தான் பாடினாள். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் ரகசியம் சொல்வது போல. அப்படியும் அவளால் பாட முடியும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மௌனி வாசிக்கும்போதே மூக்கை உறிஞ்சினார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இத்தனை நாள் ஏம்மா கத்திக்கிட்டு இருந்த? இதுதான் உன் குரல்" என்றார்.

கிட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்றார்.

நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேனா, அப்போதுதான் தீர்மானித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். படைப்பு மனம் எந்தக் கணத்தில் முடிவு செய்கிறது என்று யாரால் சொல்ல முடியும். குரலை அமுக்கிக்கொண்டு 'பூட்டு' பாட முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவன் எப்படிக் கத்துவான் என்று எனக்குப் பாடம் எடுத்தவளே அவள்தானே.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. கடைசி வரி வரும்போது கிட்டாரிலிருந்து கையை எடுத்தேன். குனிந்தேன். மானிட்டரின் குமிழை, இந்த முறை உண்மையான குமிழை, அடியோடு அணைத்தேன்.

'கதவை' என்ற சொல் அவளுக்குக் கேட்டது. 'தொற' கேட்கவில்லை. நடந்துகொண்டிருக்கும்போது தரை காணாமல் போனவள் மாதிரி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டினேன். எங்கள் குழுவில் அதற்கு 'இன்னும்' என்று பொருள்.

அவள் சொன்னதைச் செய்கிற பெண்.

அந்த அலறலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒரே குரலாகப் போகிறது. பிறகு இரண்டு குரலாகப் பிளக்கிறது, துணி கிழிவது போல ஓரத்திலிருந்து. அதன் பிறகு குரல் இல்லை. காற்று மட்டும் வருகிறது. டிரம்ஸ் அரை அடியில் நின்றுபோகிறது. விமர்சகர்கள் அதை 'துணிச்சலான மௌனம்' என்றார்கள். அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அலறலை 'ஒரு தலைமுறையின் ஓலம்' என்றார்கள். அந்தத் தலைமுறைக்கு அன்று தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை.

ஒலிப்பதிவாளரின் கை பொத்தானுக்குப் போனது. "நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்று நான்தான் சொன்னேன். உற்றுக் கேட்டால் இசைத்தட்டில் அதுவும் மெல்லியதாகக் கேட்கும். மைக்கின் வலையில் செம்புள்ளிகள் இருந்தன. அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்றாள். அவளுடைய அண்ணன் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னடி, பேசுடி, என்னைத் திட்டாவது திட்டுடி" என்றான்.

அவளுக்கு இப்போது வருவது வெறும் மூச்சுப் பேச்சு. லாண்டரியில்தான் இன்னும் இருக்கிறாள். இயந்திரச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டாது என்பதால், ஒரு ஸ்பூனை வைத்துக் குழாயில் தட்டிக் கூப்பிடுகிறாளாம். தாளம் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

டிரம்மர் அன்றைக்குப் பிறகு குச்சியைத் தொடவில்லை. தான் ஓங்கி அடித்ததால்தான் அவள் கத்த வேண்டி வந்தது என்று நினைத்துக்கொண்டான். என்னிடம் வந்து அழுதான். தோளைத் தட்டி, "விடுடா, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றேன். இத்தனை வருடமும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறான். இன்று இதைக் கேட்டால் அவனுக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும். இதையும் என் பக்கத்து நியாயங்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது வழக்குக்கு வருவோம். ஒரு படைப்புக்கு யார் சொந்தக்காரர்? அது வர வேண்டும் என்று நினைத்தவர்; எப்படி வரும் என்று அறிந்தவர்; அதற்காக மாதக்கணக்கில் பொறுமையாக உழைத்தவர். அவள் அந்த அலறலை நினைக்கவில்லை. விரும்பவும் இல்லை. அதைத் தவிர்க்கத்தான் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். டாக்டரிடம் போனாள், என்னிடம் கெஞ்சினாள். ஒன்று நடக்கக்கூடாது என்று பாடுபட்டவளை அதன் படைப்பாளி என்று எப்படி அட்டையில் போடுவீர்கள்? வீணையை யாரும் இசையமைப்பாளர் என்பதில்லை.

என்ன மேடம், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமா?

ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும். நான் வெறும் வாய்ச்சொல்லோடு வரவில்லை. இசைத்தட்டையே கேளுங்கள். பாட்டு முழுக்கக் கிட்டார் இருக்கிறது. கடைசி வரிக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது, பிறகு வருவதேயில்லை. இத்தனை வருடத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவர் அதைக் 'கிட்டார் கலைஞரின் தன்னடக்கம்' என்று எழுதினார். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம். என் கை அப்போது எங்கே இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வராந்தாவில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. அவனாக இருக்கும். இன்னொரு சத்தமும் கேட்கிறது. சுவரில் யாரோ எதையோ வைத்துத் தட்டுகிறார்கள். அவளுக்கு இப்போது காது நன்றாகக் கேட்கிறது போலிருக்கிறது. வரட்டும். அவர்கள் வந்து கத்துவதற்குள் என் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒரு முறை போட்டுக் கேளுங்கள், மேடம். கிட்டார் இல்லாத அந்த இடத்தை. என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே சிறந்தது அதுதான்.